விமானத்தின் வளைவும் நம் நோடும்



கோரல்டிராவில் படம் போடுவேன் என்று நம்மில் பலரும் சொல்வோம். போட்ட கோட்டைத் திருத்தச் சொன்னால்தான் முழி பிதுங்கும். டிடிபி சென்டரிலோ ஸ்டிக்கர் கடையிலோ வேலைக்குப் போனால் முதலில் சோதித்துப் பார்ப்பது அதைத்தான். எனவே எங்க ஊர் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் அந்தக் கோயில்? 1010-ல் இராஜராஜன் முடித்த தஞ்சை விமானம் நேர்க்கோடாகச் சரிந்து ஏறும். இரண்டு புள்ளி, ஒரு கோடு, வேலை முடிந்தது. மகன் முதலாம் இராஜேந்திரன் கட்டிய நம் விமானமோ உள்வாங்கி வளைந்து ஏறும். ஸ்கேல் வைத்து இழுத்தால் தஞ்சாவூர் ஆகிவிடும்!

வளைவுக்குத் துணை பெசியர் வளைவு. கார் பாடியை வடிவமைக்க சிட்ரோயன் கம்பெனியில் பால் தெ காஸ்தல்ஜோ 1959-லும், ரெனோ கம்பெனியில் பியர் பெசியர் 1960-களிலும் தனித்தனியே உருவாக்கியது. இதற்கு நான்கு புள்ளிகள்: முனைகளில் இரண்டு நோடு, அவற்றுக்கு இரண்டு கைப்பிடி. கோடு நோடு வழியாகப் போகும். கைப்பிடி பக்கம் இழுபடும். நோடில் கைப்பிடிதான் வளைவுக்குத் தொடுகோடு.

இனி செய்முறை:

1. படத்தை இம்போர்ட் செய்து லாக் செய்யுங்கள். தூரத்தில் நேரெதிரே நின்று எடுத்த படம் வேண்டும். கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் மேல்பகுதி குறுகித் தெரியும்.

2. வலது பாதியை மட்டும் வரையுங்கள். செங்குத்துச் சுவர் முடியும் இடத்தில் ஒரு நோடு, சிகரத்துக்குக் கீழே கழுத்தில் ஒரு நோடு. நிலை ஒன்பது என்பதற்காக ஒன்பது நோடு வேண்டாம்.

3. ஷேப் டூலை (எஃப்10) எடுங்கள். கீழ் நோடின் கைப்பிடி நன்றாக உட்பக்கம் சாயட்டும்; மேல் நோடின் கைப்பிடி கிட்டத்தட்ட செங்குத்தாகக் கீழே பார்க்கட்டும். உள்வளைவு தானாக வந்துவிடும். மூலை திரும்பும் இந்த இரண்டும் கஸ்ப் நோடு. சிகரத்தின் உப்பலுக்கு ஸ்மூத் நோடு.

4. உச்சி நோடின் கைப்பிடி படுக்கையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மறுபாதி சேரும்போது கூம்பு விழும். பிறகு டூப்ளிகேட், மிரர், கம்பைன் செய்து, உச்சியில் சந்திக்கும் இரு நோடுகளையும் ஜாயின் செய்யுங்கள். கலசத்தைத் தனியே வரையலாம்.

காசில்லாமல் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பிலும் இதே முறைதான்.

“ஆட்டோ டிரேஸ் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு?” என்பீர்கள். அது புள்ளி புள்ளியாக நூற்றுக்கணக்கில் நோடு போடும். எங்க பக்கம் ஒரு கடையில் அப்படி வெட்டிய ஸ்டிக்கரில் விமானத்தின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருந்தது. நோடு குறைந்தால் கோடு வழுவழுப்பாகும், திருத்துவதும் சுலபம்.

நோடு சேர்த்தால் வடிவம் மாறுமா? மாறாது. நான்கு புள்ளிகளை வரிசையாக இணைத்தால் மூன்று கோடு. அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு, மறுபடி இணைத்தால் ஒன்று. அந்த ஒரு கோட்டின் நடுப்புள்ளி வளைவின் மேலேயே உட்காரும். புது நோடு அங்கேதான் பிறக்கிறது. கணக்கில் படித்த அதே நடுப்புள்ளி சூத்திரம்தான்! ஆனால் நோடை நீக்கினால் வடிவம் மாறலாம், பார்த்து நீக்குங்கள்.

பேனரிலும் பேட்ஜிலும் நம் கோயிலை நாமே தஞ்சாவூராக வரைந்து வைத்தால், வெளியூர்க்காரனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? அடுத்த லேப் ஹவரில் ஒரு தரம் வரைந்து பாருங்கள். கை பழகிவிட்டால் வேலையும் வரும், கோயிலும் கோயிலாக இருக்கும்.