போர்ட்டிகோவில் மிக் வெல்டிங்: முதல் செலவு எதற்கு?

கேள்வி: வீட்டு கேட், மாடி கிரில், தொட்டி ஸ்டாண்டு என்று சின்னச் சின்ன இரும்பு வேலைகளுக்குப் பட்டறைக்கு அலைந்து அலுத்துவிட்டது. ஒயர் தானாக வரும் மிக் வெல்டிங் மிஷின் ஒன்று வாங்கி, போர்ட்டிகோவில் வைத்து நானே பழகலாம் என்று நினைக்கிறேன். கேஸ் சிலிண்டர் இல்லாமலே ஓடும் என்கிறார் கடைக்காரர். இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி இருக்கின்றன. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்தி எங்களுடன் இருக்கிறாள். எதை வாங்குவது, வேறென்ன வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புத்தூர், திருச்சி

பதில்: தாராளமாக வாங்குங்கள், பழகக்கூடிய வேலைதான். ஆனால் கையில் உள்ள பணம் முழுவதையும் மிஷினில் போட்டுவிடாதீர்கள். மிஷின் விலையில் பாதியாவது முகக்கவசம், கையுறை, திரை, வயரிங், தீயணைப்பான் ஆகியவற்றுக்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

வெல்டிங்குக்குப் பேர்போன ஊர் உங்களுடையது. திருவெறும்பூர் பெல் ஆலை 1965 முதல் கொதிகலன் செய்கிறது. அதன் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975இல் வந்தது. அப்படிப்பட்ட இடங்களில் திரை கட்டுவது, புகையை உறிஞ்சி வெளியேற்றுவது, தீப்பொறியைக் கவனிப்பது எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருக்கும். போர்ட்டிகோவில் அத்தனையும் உங்கள் ஒருவர் தலையில். போதாததற்கு, தொழிற்சாலைக்குள் குழந்தை ஓடி வராது. பேத்தி இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆர்க் வெளிச்சத்தில் வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்பரப்பைச் சுட்டுவிடும். பார்த்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், கண்ணில் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி உறுத்தும், நீர் கொட்டும், கண்ணைத் திறக்க முடியாது. உங்களுக்கு முகக்கவசம் இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கும், பக்கத்து வீட்டு ஜன்னலில் நிற்பவருக்கும் என்ன இருக்கிறது? வெள்ளைச் சுவரிலும் பளபளக்கும் டைல்ஸிலும் பட்டுத் திரும்பும் கதிர் உங்கள் முகக்கவசத்துக்குள்ளேயே பின்பக்கமாக நுழையும்.

ஆகவே முதல் செலவு திரை. வெல்டிங்குக்கென்றே விற்கும், தீப்பிடிக்காத திரையை மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கட்டுங்கள். நீல நிற பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒரு பொறிக்குத் தாங்காது. திரையை மீறியும் கண்ணில் வெளிச்சம் பட்டுவிட்டால் உருளைக்கிழங்கு வைப்பது, தாய்ப்பால் விடுவது எதுவும் வேண்டாம். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விட்டுக்கொண்டே இருப்பது அதைவிட மோசம்; கருவிழிப் புண் ஆறாமல் போய்விடும். ஒன்றிரண்டு நாளில் பொதுவாகச் சரியாகிவிடும் என்றாலும் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அரசு மருத்துவமனை உங்கள் புத்தூரிலேயே இருக்கிறது.

முகக்கவசம் தானாக இருளும் வகையாக இருக்கட்டும். ஷேடு, அதாவது இருளும் அளவை, 9 முதல் 13 வரை மாற்றும் வசதி வேண்டும். உங்கள் வேலைக்கு 10 போதும். கையில் பிடிக்கும் பழைய தடுப்புக் கண்ணாடி புதிதாகப் பழகுபவருக்குச் சரிவராது. இரண்டு கையாலும் டார்ச்சைப் பிடித்தால்தான் ஆரம்பத்தில் கை நடுங்காமல் வரும். உடம்புக்கு முழுக்கை வைத்த கனத்த பருத்திச் சட்டை, தோல் கையுறை, தோல் ஷூ. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். லுங்கியும் ரப்பர் செருப்புமாக இந்த வேலை கூடவே கூடாது. சட்டையின் மேல் பட்டனைப் போடுங்கள். கழுத்துக்குக் கீழே தோல் வெந்து உரிவது அந்த இடைவெளியால்தான்.

இனி மிஷின். கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஃபிளக்ஸ் கோர் ஒயர் போட்டால் சிலிண்டர் வேண்டாம். சாதாரண வெல்டிங் ராடின் மேல் பூசியிருக்கும் ஃபிளக்ஸ் இந்த ஒயரின் உள்ளே இருக்கும். திறந்த போர்ட்டிகோவில், அதுவும் ஆடிக்காற்று அடிக்கும் ஊரில், சிலிண்டர் கேஸ் காற்றோடு போய்விடும், வெல்டில் பொத்தல் விழும். எனவே இந்த ஒயரில் தொடங்குவதே நல்லது. ஆனால் புகை அதிகம், தெறிப்பும் அதிகம். பின்னாளில் கேஸுக்கு மாற இடம் இருக்கும்படி, இரண்டு வகைக்கும் பொருந்தும் மிஷினாகப் பார்த்து வாங்குங்கள்.

பாசிட்டிவ், நெகட்டிவ் முனை மாற்றுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கேஸும் சாதாரண ஒயரும் என்றால் டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும். சிலிண்டர் இல்லாத ஃபிளக்ஸ் கோர் ஒயர் என்றால் டார்ச் நெகட்டிவில். மாற்றாமல் ஓட்டினால் பட் பட்டென்று தெறித்து, வெல்டு மேலே குவியலாக உட்காரும். மிஷின் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். சரியாக அமைந்தால் சர்ரென்று ஒரே சீராகச் சத்தம் வரும். இந்த ஒயர் உள்ளே பொள்ளலானது என்பதால் அதற்குரிய, பல் வைத்த ரோலரைப் போட்டு அளவாக முறுக்குங்கள், அழுத்தினால் நசுங்கிவிடும். 0.8 மி.மீ. ஒயருக்கு 0.8 டிப்.

மின்சாரம். 200 ஆம்பியர் மிஷினை முழுதாக ஏற்றினால் மெயினில் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கலாம். 16 ஆம்பியர் பிளக் கருகிவிடும். மீட்டர் பலகையிலிருந்து 6 சதுர மி.மீ. தாமிர ஒயரில் தனி லைன் இழுத்து, 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஆர்.சி.சி.பி. காப்பது மிஷினுக்குள் வரும் மின்சாரத்தைத்தான். டார்ச் பக்கம் ஷாக் அடித்தால் அது விழாது. வியர்வையில் நனைந்த கையுறையோடும் ஈரத் தரையிலும் வேலை செய்யாதீர்கள். மே மாத வெயிலில் மிஷினுக்கும் ஓய்வு தேவை. 60 சதவீத டியூட்டி சைக்கிள் என்றால், அதனுடன் குறித்திருக்கும் ஆம்பியரில் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் ஓட்டலாம்.

புகையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. காற்று உங்கள் பக்கவாட்டில் வந்து போகும்படி நில்லுங்கள், புகைக்கு மேல் முகத்தைக் கவிழ்க்காதீர்கள், ஐ.எஸ். 9473 முத்திரை உள்ள எஃப்.எஃப்.பி.2 மாஸ்க் அணியுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை அப்படியே பற்றவைத்தால் துத்தநாகப் புகை வரும். அன்று மாலையே குளிரோடு காய்ச்சல் அடிக்கும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள், ஆகாது. முடிந்தவரை பூச்சு இல்லாத எம்.எஸ். பைப் வாங்குங்கள்.

போர்ட்டிகோ என்றால் அங்கே வண்டி நிற்கும். டூ வீலரைத் தெருவில் நிறுத்திய பிறகே மிஷினைப் போடுங்கள். பெட்ரோல் டேங்க், பழைய எண்ணெய் டின் எதையும், கழுவியிருந்தாலும், பற்றவைக்காதீர்கள். இரண்டு கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து அரை மணி நேரம் அங்கேயே இருந்து, எங்காவது புகைகிறதா என்று பாருங்கள்.

பழகுவதற்கு 2 மி.மீ. துண்டுகளை எடைக்கு வாங்கி, ஒட்டி, வைஸில் மாட்டிச் சுத்தியலால் அடித்து உடைத்துப் பாருங்கள். வெல்டு பெயர்ந்து வந்தால் உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். இரும்பே கிழிந்தால் பிடித்துவிட்டது. அது தொடர்ந்து கைவரும் வரை பூந்தொட்டி ஸ்டாண்டு, செருப்பு அலமாரி போதும். மாடிக் கைப்பிடி, ஊஞ்சல் கொக்கி போல ஆள் பாரம் தாங்கும் வேலைகளை இப்போதைக்குப் பட்டறைக்காரரிடமே கொடுங்கள்.