எந்த வால்வு கெட்டது?

கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அதன் அருகே, லேக் மார்க்கெட் பக்கம், தமிழர்கள் பல காலமாக வாழ்கிறார்கள்.

அங்கே ஒரு வீட்டில் பழைய வால்வு ஆம்ப்ளிபயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டுப் போட்டால் இடது ஸ்பீக்கர் கரகரக்கிறது. வலது ஸ்பீக்கர் நன்றாகப் பாடுகிறது. எல்லா வால்வையும் மாற்றினால் வீண் செலவு. கெட்டதை மட்டும் கண்டுபிடிப்போம்.

வால்வு என்பது காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாய். 1904இல் பிளெமிங் என்பவர் முதல் வால்வைச் செய்தார். அதன் உட்புறம் வெள்ளிபோல மினுங்கும் பூச்சு இருக்கும். அது பால்போல வெளுத்துவிட்டதா? உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு உதவாது.

கவனம்! ஆம்ப்ளிபயருக்குள் 300 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். அது ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கும். அடிப்பலகையைத் திறக்காதீர்கள்.

இப்படிச் சோதியுங்கள்:

1. சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள்.
2. அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வால்வு கையைச் சுடும்.
3. இரு பக்கமும் ஒரே எண்ணுள்ள சிறிய வால்வுகளை இடம் மாற்றிச் செருகுங்கள். பெரிய வால்வுகளை மெக்கானிக்கிடம் விடுங்கள்.
4. பாட்டுப் போடுங்கள்.

கரகரப்பு வலது பக்கம் போய்விட்டதா? வால்வுதான் கெட்டது. இடது பக்கமே இருக்கிறதா? அந்த வால்வு நல்லது. பழுது வேறு இடத்தில்.

யோசியுங்கள்: கரகரப்பு இடம் மாறவில்லை. கடைக்காரர் அதே வால்வைப் புதிதாக வாங்கச் சொல்கிறார். வாங்குவீர்களா? ஏன்?