ஸ்கூட்டருக்கு லைற் பூட்டும் பிள்ளைகளுக்கு

பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவுச் சந்தி கழிந்தால் இருட்டுத்தான். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோட்டு, ரோட்டில் படுத்து அசைபோடும் மாடுகள். குறிகட்டுவான் இறங்குதுறையில் கடைசிப் படகால் இறங்கி வீடு போகிறவர் ஒரு சோடி எல்இடி லைற் வாங்கிப் பூட்டினால் நான் பிழை சொல்ல மாட்டேன். பூட்டி ஒரு கிழமை போகமுன்னம், "ஐயா, செல்ஃப் எடுக்குதில்லை, ஹோர்ணும் முனகுது" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கும், கராச்சில் புதிதாகச் சேர்ந்த தம்பிமாருக்கும் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

1. கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள். லைற் பூட்டும்வரை நன்றாக ஓடிய வண்டி என்றால், பூட்டியதைக் கழற்றிவிட்டு ஓடிப் பாருங்கள். சுவிட்சை நிற்பாட்டினால் போதாது, வயரையே கழற்ற வேண்டும். கோளாறு போய்விட்டால் குற்றவாளி கையில் இருக்கிறான். போகாவிட்டால் மட்டும் பற்றரியைச் சந்தேகியுங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் புதுப் பற்றரி வாங்கிப் போட்டு, அதையும் சாகடித்தவர்கள் பலர்.

2. வாங்கமுன் கணக்குப் பாருங்கள். 20 வாட் லைற் இரண்டு என்றால் 40 வாட். அதை 12 வோல்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர் வரும். சின்ன ஸ்கூட்டர்களின் பற்றரி பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-மணிக்குள்தான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கொயில் தருகிற மின்சாரம் கொஞ்சம். வீட்டிலிருந்து சந்தைக்கும் சந்தையிலிருந்து கோயிலுக்கும் போய் வருகிற வண்டியில் பற்றரி நிரம்புவதற்கு நேரமே கிடைக்காது.

எங்கள் தலைமுறைக்கு இந்தக் கணக்கைப் படிப்பித்தது சைக்கிள் தைனமோ. போர் நடந்த 90களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் றேடியோவில் செய்தி கேட்போம். தைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். சுற்றுகிற கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓய்ந்துவிடும். உங்கள் ஸ்கூட்டரும் அப்படித்தான்: சுற்றுவதற்கு மேல் தராது.

3. மீற்றர் ஒன்று வாங்குங்கள், மலிவானது போதும். இரவு முழுக்க நின்ற வண்டியின் பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். லைற்றைப் போட்டதும் 12.5க்குக் கீழே விழுகிறதா? கணக்குப் பிழைத்துவிட்டது, சின்ன லைற் போடுங்கள். 15ஐத் தாண்டினால் றெகுலேற்றர் போய்விட்டது. அப்படியே ஓடினால் பற்றரியும் பல்புகளும் பின்னால் போகும்.

4. பியூஸ் இல்லாமல் எந்த வயரும் பற்றரி பிளஸைத் தொடக் கூடாது. பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்கட்டும். அது எரிந்தால் ஏன் எரிந்தது என்று தேடுங்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுகிற கெட்டித்தனம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. எரிந்தது பியூஸ் அல்ல, சீற்றுக்குக் கீழே ஒரு முழ வயர்.

5. தீவுப்பகுதியில் லைற் கோளாறு என்றால் பத்தில் எட்டு ஏர்த், அதாவது மின்சாரம் பற்றரி மைனஸுக்குத் திரும்பும் வழி. இது என் அனுபவக் கணக்கு, புத்தகக் கணக்கு அல்ல. சோளகம் வீசும் மாதங்களில் வாணர் பாலத்தால் ஒரு முறை போய்வந்து கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள், துணியில் உப்பு இருக்கும். அந்த உப்பு வயர் முனைக்குள்ளும் போகிறது.

ஒரு வண்டி வந்தது. இடப்பக்கச் சிக்னலைப் போட்டால், எரிந்துகொண்டிருக்கும் புது லைற் சிக்னலோடு சேர்ந்து மங்கி மங்கித் தெளியும். முன்பகுதியைக் கழற்றினேன். சிக்னலின் கறுப்பு வயரையும் லைற்றின் கறுப்பு வயரையும் சேர்த்து, பெயின்ற் அடித்த பிரேமில் ஒரே போல்ட்டில் முறுக்கியிருந்தார்கள். போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டியது. இரண்டின் மின்சாரமும் திரும்பிப் போக அந்த ஒரு கெட்ட வழியில் நெருக்குப்பட்டிருக்கிறது. பெயின்றைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, புது வளையமுனை வைத்து இறுக்கி, மேலே வசிலின் பூசினேன். வேறொன்றும் மாற்றவில்லை.

சோதிப்பது சுலபம். லைற் எரியும்போதே மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி மைனஸிலும் மற்றதை லைற்றின் கறுப்பு வயரிலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினால் ஏர்த் சரியில்லை. என்னைக் கேட்டால், கறுப்பு வயரை நேரே பற்றரி மைனஸுக்கே கொண்டுபோங்கள்.

6. ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் வந்த ஒரு தம்பிக்கு மூன்று பியூஸ் போய்விட்டது, மூன்றும் வளைவுகளில். நிற்கிற வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. இடப்பக்கம் முட்டத் திருப்பியதும் நாலாவது பியூஸும் போனது. கழுத்தடியில் நசுங்கிய வயரில் தோல் உரிந்து, பனந்தும்பு மாதிரி ஒரு செம்பு இழை இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வயரை அந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள்.

7. ஹெட்லைற் வயரில் ஒட்டுப் போடாதீர்கள். பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஹெட்லைற் எரிவது பற்றரியில் அல்ல, கொயிலிலிருந்து நேரே வரும் ஏசியில். அதில் எல்இடியைக் கொழுவினால் துடிக்கும், கெதியில் சாகும். ரிலே போடுங்கள். அதன் கால்களில் உள்ள எண்களில் 30 பியூஸ் வழியாகப் பற்றரிக்கு, 87 லைற்றுக்கு, 85 ஏர்த்துக்கு, 86 சுவிட்ச் வழியாகத் திறப்பு போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயருக்கு. திறப்பை எடுத்தால் லைற்றும் நிற்கும், மறந்து விட்டுவிட்டுப் போக முடியாது.

8. சிக்னல் பல்பை எல்இடியாக மாற்றியதும் அது படபடவென்று வெட்டுகிறதா? கோளாறு அல்ல, பிளாஷர் ஏமாறுகிறது. எல்இடிக்கான பிளாஷராக மாற்றுங்கள்.

9. விடியப் பற்றரி செத்துக் கிடந்தால் மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீற்றரை மில்லி ஆம்பியரில் வையுங்கள். திறப்பு இல்லாத நிலையில் ஒருசில மில்லி ஆம்பியர்தான் போகலாம். கூடக் காட்டினால் நீங்கள் பூட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். அநேகமாக போன் சார்ஜர் பிடிபடும். மீற்றர் இடையில் இருக்கும்போது செல்ஃப் அடிக்க வேண்டாம், மீற்றர் போய்விடும்.

10. வெளிச்சம் ரோட்டில் விழட்டும், எதிரே வருகிறவர் கண்ணில் அல்ல. கண் கூசினால் அவர் ஒதுங்குவதற்கு வாணர் பாலத்தில் இடமில்லை, பக்கத்தில் கடல்.

11. படகில் ஏற்றி இறக்கிய வண்டியை அன்றைக்கே துடையுங்கள். தீவில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு, ஈரத்துணி போதும்.

நெடுந்தீவுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று. லைற் வாங்குகிற நாளிலேயே பியூஸ், ரிலே, வளையமுனை எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கிப் போங்கள். ஒரு பியூஸுக்காகப் படகேறினால் குறிகட்டுவானுக்கே ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகுதான் பஸ்.