ஆங்கிலத்தில் நேரம் சொல்லும் சிறு சொற்கள்

ஆங்கிலத்தில் நேரத்தைக் குறிக்க அட், ஆன், இன் என்ற மூன்று சிறு சொற்களே மிகுதியாகப் பயன்படுகின்றன. கடிகார நேரத்துக்கு அட். கிழமைக்கும் தேதிக்கும் ஆன். மாதம், பருவம், ஆண்டு போன்ற நீண்ட காலத்துக்கு இன். 'அட் சிக்ஸ்', 'ஆன் மண்டே', 'இன் ஜூன்' என்று மூன்று தொடர்களை வாயில் பழக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தமிழில் 'ஆறு மணிக்கு' என்று உருபு பின்னால் ஒட்டும். 'திங்கட்கிழமை வந்தார்' என்பதில் உருபே வேண்டியதில்லை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்களிடம் ஆன் அடிக்கடி விடுபடுவதும், சில சமயம் அதன் இடத்தில் இன் வந்து உட்காருவதும் பெரும்பாலும் இதனால்தான். அமெரிக்கர்களின் பேச்சில் கிழமைக்கு முன் ஆன் விடுபடுவது வழக்கமே. எழுத்தில் அதைச் சேர்ப்பது நல்லது.

பொழுதுகளில் விதி சற்று வளைகிறது. காலை, பிற்பகல், மாலை ஆகியவற்றுக்கு இன் வரும், இரவுக்கு அட். அவற்றோடு கிழமை சேர்ந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆன்தான்: 'ஆன் மண்டே மார்னிங்'. பண்டிகைக் காலம் முழுவதையும் சுட்டினால் 'அட் கிறிஸ்துமஸ்'. டிசம்பர் 25 என்ற ஒரு நாளைச் சுட்டினால் 'ஆன் கிறிஸ்துமஸ் டே'. வார இறுதிக்குப் பிரிட்டனில் அட், அமெரிக்காவில் ஆன். நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி ஆகிய சொற்கள் முன்னால் நின்றால் இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' என்று எழுதும் பழக்கம் அலுவலகக் கடிதங்களில் நிறையக் காணப்படுகிறது. அதில் ஆன் மிகை.

கடந்த காலத்திலிருந்து இன்றுவரை தொடர்வதைச் சொல்லும்போது சின்ஸ் தொடக்கப் புள்ளியைக் கேட்கும், ஃபார் கால அளவைக் கேட்கும். 2015 முதல் என்றால் சின்ஸ். பத்து ஆண்டுகளாக என்றால் ஃபார். இதைவிட ஆழமான சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. 'பத்து ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதால், 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்ற வாக்கியம் பிறக்கிறது. 'ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி. வினையைத் திருத்தாமல் சின்ஸை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. 'இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு' என்பதும் இப்படித்தான் 'பிஃபோர் டூ இயர்ஸ்' ஆகிவிடுகிறது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'டூ இயர்ஸ் அகோ' என்பதுதான் வழக்கு.

'ஆன் டைம்' என்றால் குறித்த நேரத்துக்கு. 'இன் டைம்' என்றால் காரியம் கெடுவதற்குள். பத்து மணி ரயில் பத்துக்கே புறப்பட்டால் அது ஆன் டைம். பயணி ஒன்பது ஐம்பதுக்கு நிலையத்தை அடைந்தால் அவர் இன் டைம். 'அட் தி எண்ட்' என்பதற்குப் பின்னால் எதன் முடிவு என்பது வரும், அல்லது சூழலில் விளங்கும். 'இன் தி எண்ட்' என்பது 'கடைசியில் பார்த்தால்' என்ற பொருளில் தனியாக நிற்கும்.

உண்மையில் பணமும் வேலையும் பாதிக்கப்படுவது கெடு சொல்லும் இடத்தில்தான். மேலே கண்ட பிழைகளைக் கேட்பவர் திருத்திப் புரிந்துகொள்வார்; கெடுவில் பிழை நேர்ந்தால் பொருளே மாறிவிடும். இங்கே தமிழ் பெரிய உதவி செய்கிறது. வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். 'வெள்ளிக்குள் முடித்துவிடு' என்று வந்தால் பை. 'வெள்ளி வரை காத்திரு' என்று வந்தால் அன்டில் அல்லது டில். முடியும் செயலுக்குப் பை, நீளும் செயலுக்கு அன்டில். ஒரு கவனம் மட்டும் தேவை: தமிழில் 'வெள்ளிக்குள்', 'இரண்டு நாளைக்குள்' இரண்டுக்கும் ஒரே உருபுதான். ஆங்கிலத்தில் முன்னதற்குப் பை, பின்னதற்கு வித்தின். 'வித்தின் ஃபிரைடே' என்பது வழக்கில்லை. வித்தினுக்குப் பின்னால் கால அளவுதான் வர வேண்டும்.

'இன்னும் இரண்டு நாளில் அழைக்கிறேன்' என்பதற்கு 'இன் டூ டேஸ்' போதும். இந்திய அலுவலகங்களில் பரவலாகக் கேட்கும் 'ஆஃப்டர் டூ டேஸ்' வெளிநாட்டவர் காதில் 'இரண்டு நாள் கழிந்த பிறகு எப்போதாவது' என்றும் ஒலிக்கக்கூடும். நடந்து முடிந்த கதையைச் சொல்லும்போது அதே தொடர் இயல்பாகப் பொருந்தும்.

பை ஃபிரைடே என்றால் வெள்ளிக்கிழமையும் சேருமா என்ற ஐயம் ஆங்கிலேயர்களுக்கே எழுவதுண்டு. வங்கி, அரசு அறிவிப்புகளில் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று எழுதுவது இந்த ஐயத்தைத் தீர்க்கத்தான். விடுப்புக் கடிதத்தில் 10 முதல் 14 வரை என்று டில் போட்டு எழுதினால், 14ஆம் தேதி விடுப்பா, வேலை நாளா என்பது தெளிவில்லை. அமெரிக்கர்கள் கடைசி நாளையும் சேர்க்க 'த்ரூ' என்பார்கள். எந்த நாட்டவருக்கு எழுதினாலும், 15ஆம் தேதி பணிக்குத் திரும்புவதாக ஒரு வரி சேர்ப்பது பாதுகாப்பு. நெக்ஸ்ட் ஃபிரைடே சிலருக்கு வருகிற வெள்ளி, சிலருக்கு அதற்கு அடுத்த வெள்ளி. எனவே தேதியையும் எழுத வேண்டும். 'வெள்ளி நள்ளிரவு' என்பதும் அப்படியே: வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்று தெரியாது. இணையவழி விண்ணப்பங்கள் பலவற்றில் கடைசி நேரம் இரவு 11.59 என்று குறிக்கப்படுவதால் இந்தக் குழப்பம் எழுவதில்லை.