ஆறு மைலுக்கு ஆறு மைல்

கேள்வி: அமெரிக்காவின் நாட்டுப்புறத்தை விமானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தேன். நிலம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கிறது, வீடுகளோ அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஏன் இப்படி?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அந்தக் கட்டங்கள் 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் போட்டவை. அளவுச் சங்கிலியோடு ஒஹாயோவில் தொடங்கிய சர்வேயர்கள், ஆறு மைலுக்கு ஆறு மைல் என்று சதுரம் போட்டுக்கொண்டே மேற்கே போனார்கள். அந்தச் சதுரம்தான் டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். 16-ஆம் செக்‌ஷனைப் பள்ளிக்கூடத்துக்கென்று அப்போதே ஒதுக்கினார்கள். அருமையான ஏற்பாடு! ஆனால் ஒரு சிக்கல்: பூமி உருண்டையல்லவா? வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். அதைச் சரிக்கட்டிய இடங்களில் நேராக வரும் சாலை சட்டென்று ஒடிந்து திரும்பும்.

அது காலி நிலமும் அல்ல. பூர்வகுடிகளை விரட்டிவிட்டுத்தான் பங்கு போட்டார்கள். 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். அதாவது சதுர மைலுக்கு நாலு குடும்பம். டிராக்டர் வந்ததும் பண்ணைகள் பெருத்தன, குடும்பங்கள் வெளியேறின. வடக்கு டகோட்டாவில் நூறு பேர்கூட இல்லாத டவுன்ஷிப்கள் ஏராளம்.

ஆனாலும் டவுன்ஷிப் வெறும் கட்டமல்ல, ஊராட்சியும்கூட: மினசோட்டாவில் மார்ச் மாத இரண்டாம் செவ்வாய்க்கிழமை டவுன்ஷிப் ஊரார் கூடி, வரி எவ்வளவு என்பதைத் தாங்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள்.