பலனுக்கு மட்டும் பணம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சமூகத் திட்டங்களுக்குச் செலவுக் கணக்கைப் பார்த்துப் பணம் கொடுப்பதே வழக்கம். கிடைத்த பலனை அளந்து கொடுக்கும் முறை சுமார் பதினைந்து ஆண்டுகளாகப் பல நாடுகளில் பரவி வருகிறது. முதலீட்டாளர் முன்பணம் போடுவார், தொண்டு நிறுவனம் களத்தில் வேலை செய்யும், இலக்கை எட்டினால் அரசோ அறக்கட்டளையோ லாபத்தோடு திருப்பித் தரும். 2010இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்குச் சமூகத் தாக்கப் பத்திரம் என்று பெயர். நல்ல முறைதான். இதைச் சுற்றி வளர்ந்திருக்கும் சில நம்பிக்கைகள்தான் கவலை தருகின்றன.

நம்பிக்கை: திட்டம் தோற்றால் நட்டம் முழுவதும் முதலீட்டாளர் தலையில்.

உண்மை: நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 2012இல் பதின்வயதுக் கைதிகளுக்கான திட்டத்துக்கு கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி கொடுத்த கடன் 72 லட்சம் டாலர். விடுதலையானவர்கள் மீண்டும் சிறைக்குத் திரும்புவது குறையவில்லை. 2015இல் திட்டம் நின்றது. நகர அரசு எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தக் கடனில் 60 லட்சத்துக்கு ப்ளூம்பெர்க் அறக்கட்டளை உத்தரவாதம் கொடுத்திருந்தது. வங்கி இழந்தது 12 லட்சம்தான். அறக்கட்டளைப் பணமும் வேறொரு நற்காரியத்துக்குப் போயிருக்கக்கூடிய பணம்தானே.

நம்பிக்கை: அளந்து பார்த்துக் கொடுப்பதால் பணம் வீணாக வழியில்லை.

உண்மை: எதை அளந்தோம் என்பது பாதிக் கேள்வி. எதோடு ஒப்பிட்டோம் என்பதே மீதி.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மழலையர் பள்ளித் திட்டம் ஒன்றுக்கும் கோல்ட்மேன் சாக்ஸ் முதலீடு செய்தது. நாளை சிறப்புக் கல்வி தேவைப்படும் என்று ஓர் ஆங்கிலச் சொல்வளத் தேர்வை வைத்து 110 குழந்தைகளைக் குறித்தார்கள். பிறகு 1 குழந்தைக்கு மட்டுமே அது தேவைப்பட்டது. மீதி 109 பேரும் திட்டத்தால் மீண்டவர்கள் என்று கணக்கிட்டு 2015இல் பணம் கொடுக்கப்பட்டது. மழலையர் பள்ளிக்கே போகாத அதே மாதிரிக் குழந்தைகளில் எத்தனை பேருக்குச் சிறப்புக் கல்வி தேவைப்பட்டது? அதைப் பார்க்க ஒப்பீட்டுக் குழுவே இல்லை. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்வளத் தேர்வில் மதிப்பெண் குறைவது இயல்பு, அது கற்றல் குறைபாடு அல்ல. பொதுப் பணத்தை இப்படிக் கொடுப்பது தவறு.

ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் எஜுகேட் கேர்ள்ஸ் என்ற தொண்டு அமைப்பு பலனுக்குப் பணம் என்ற இதே ஏற்பாட்டில் 2015 முதல் 2018 வரை வேலை செய்தது வேறு விதம். திட்டம் நடக்கும் கிராமங்கள் எவை, ஒப்பீட்டுக் கிராமங்கள் எவை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரு பக்கக் குழந்தைகளும் ஒரே தேர்வை எழுதினார்கள். கணக்கெடுத்தது ஐடிஇன்சைட் என்ற தனி அமைப்பு. இரண்டாம் ஆண்டு முடிவில் கற்றல் இலக்கில் சுமார் பாதியே எட்டியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் பிள்ளைகளைத் திறனுக்கேற்பக் குழுவாகப் பிரித்தார்கள், பாட நேரத்தைக் கூட்டினார்கள், பள்ளிக்கு வராதவர்களை வீடு தேடிப் போனார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் இலக்கில் 160 சதவீதம். இப்படி அளந்த பலனுக்கு முதலீட்டாளருக்கு லாபம் கொடுக்கும்போது யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

நம்பிக்கை: இது புத்தம்புது யோசனை.

உண்மை: 1862இல் இங்கிலாந்தில் அரசியல்வாதி ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கு 8 ஷில்லிங் மானியம். ஆய்வாளர் வரும் நாளுக்காகவே பாடம் நடந்தது, மானியம் இல்லாத பாடங்கள் ஒதுங்கின. கவிஞர் மேத்யூ ஆர்னால்டு பள்ளி ஆய்வாளராக இருந்துகொண்டே இதை எதிர்த்தார். 1890களில் அங்கே அது கைவிடப்பட்டது. தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை அதே நூற்றாண்டில் சென்னை மாகாணப் பள்ளிகளிலும் இருந்தது.

பில்வாராவிலும் கற்றல் என்று அளந்தது இந்தி, ஆங்கிலம், கணக்கு மூன்றை மட்டுமே. மூன்றாண்டுத் திட்டத்துக்கு அது சரியான தேர்வு. அதே ஒப்பந்தத்தை ஒரு மாநிலம் முழுக்க, பத்தாண்டுக்கு எழுதப் போகிறவர்கள் அறிவியலும் சமூக அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியர்களை முதலில் கூப்பிட்டுப் பேச வேண்டும்.