வால்வு சிவந்தால் என்ன செய்வது?



ஆராதனையில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கும், ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் தூக்கி வைக்கிறவர்களுக்கும் இந்த மாதப் பாடம். கேட்டால் சின்ன விஷயமாய்த் தோன்றும். ஆனால் நான் இதை அறியாததினால் சபைக்கு உண்டான நஷ்டம் சின்னதல்ல.

ஆரணியில் எங்கள் சபையில் ஒரு வால்வு ஆம்ப் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்தது, 50 வாட்ஸ். பின்னால் 6எல்6 என்ற பெரிய வால்வு இரண்டு, 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வுகள் சில. 120 வோல்ட்டுக்குச் செய்தது என்பதால், நம் 230 வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டுவோம். அதை வாங்கின காணிக்கையில் பெரும்பங்கு, தறியில் உட்காருகிற சகோதரிகள் பட்டுச்சேலைக் கூலியிலிருந்து எடுத்து வைத்தது.

கன்வென்ஷன் இரண்டாம் நாள் சாயங்காலம் ஃப்யூஸ் போய்விட்டது. ஜனங்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. "அண்ணே, சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க" என்று பிள்ளைகள் நிற்கிறார்கள். நான் ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி ஃப்யூஸில் சுற்றிவிட்டேன். மூன்றாவது பாட்டில் கருகின வாசனை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று. சென்னையில் அதைத் திரும்பச் சுற்றி வாங்க ஆன செலவை எழுத வெட்கமாயிருக்கிறது.

அன்று ஒரு நிமிஷம் பின்பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் போதும். ஒரு வால்வின் உள்தகடு அடுப்புக் கரி போலச் சிவந்திருப்பது தெரிந்திருக்கும்.

வால்வுக்குள் காற்று கிடையாது. நடுவில் ஒரு இழை சூடாகிறது. 6எல்6க்கு இது 6.3 வோல்ட். அந்தச் சூட்டில் கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, வெளியே உள்ள தகட்டுக்கு ஓடுகின்றன. தகட்டில் 400, 450 வோல்ட் இருக்கும். இடையில் கிரிட் என்ற மெல்லிய கம்பிச்சுருள். கிட்டாரிலிருந்து வருகிற சின்ன சத்தத்தைச் சின்ன வால்வுகள் பெருக்கி அந்தக் கிரிட்டுக்குக் கொடுக்கும். அது பெரிய ஓட்டத்தைத் திறந்து மூடும். யாரும் வாசிக்காத நேரத்திலும் ஓட்டம் அளவு மீறாமலிருக்க, கிரிட்டுக்கு மைனஸ் வோல்ட்டேஜ் கொடுத்து அடக்கி வைத்திருப்பார்கள். இதுதான் பயாஸ். அது வராமற்போனால் அடக்குவார் இல்லை. தகடு சிவக்கும், ஃப்யூஸ் போகும். நான் செம்பு சுற்றினதால் ஃப்யூஸ் போகவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று.

இன்னொன்று. பிறகு புது வால்வு போட்டோம், அதுவும் சிவந்தது! குற்றம் வால்வில் இல்லை. சாக்கெட்டில் ஐந்தாம் பின், அதாவது கிரிட்டின் பின், தளர்ந்து பயாஸ் போய்ச் சேரவில்லை. தறி ஓடுகிற வீடுகள் சூழ்ந்த இடம், நூல் பிசிறும் தூசியும் எதிலும் நுழையும். ஆகவே வால்வைச் சந்தேகிக்கிறதற்கு முன்னே சாக்கெட்டைப் பாருங்கள்.

எப்போது மாற்றுவது? வருஷா வருஷம் மாற்றவேண்டும் என்பார்கள், நம்பாதீர்கள். பெரிய வால்வு சுமார் 1000 முதல் 2000 மணி நேரம் உழைக்கும். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 260 மணிதான். சத்தம் மங்கி, கீழ்ஸ்தாயி கொழகொழவென்று ஆனால் மாற்றலாம். உள்ளே வெள்ளி பூசினது போலிருக்கும் பகுதி பால் போல வெளுத்துவிட்டால் காற்று புகுந்துவிட்டது, அது செத்த வால்வு. கண்ணாடியில் நீல ஒளி தெரிகிறதே என்று பயப்படவேண்டாம், அது சாதாரணம். சின்ன வால்வை பென்சிலால் மெதுவாய்த் தட்டினால் ஸ்பீக்கரில் மணி போலக் கேட்கிறதா? அதை மாற்றுங்கள். சின்ன வால்வுக்குப் பயாஸ் பார்க்கவேண்டியதில்லை.

பெரிய வால்வுகளை ஜோடியாய்த்தான் மாற்றவேண்டும், ஒரே அளவு மின்சாரம் இழுக்கிற ஜோடியாய். பாவில் ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்ச்சி என்றால் சேலை எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிளக்கைப் பிடுங்கி, அரைமணி நேரம் ஆறவிட்டு, அடிப்பாகத்தைப் பிடித்து நேராக இழுங்கள். கண்ணாடியைப் பிடித்து ஆட்டாதீர்கள். நடுவிலுள்ள குமிழின் மேடு சாக்கெட் பள்ளத்தில் சேர்ந்தால்தான் புதிது இறங்கும். பெங்களூர் பெல் கம்பெனி ஒரு காலத்தில் வால்வு செய்தது. இப்போது வருகிறவை பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா சரக்கு.

மாற்றினபின் பயாஸ் அளக்கவேண்டும். 6எல்6ஜிசி தாங்குவது 30 வாட்ஸ். அதில் 70 சதவீதம், அதாவது 21 வாட்ஸ், சும்மா நிற்கும்போது போதும். தகட்டில் 450 வோல்ட் என்றால், 21ஐ 450ஆல் வகுக்க, வால்வுக்கு 46 மில்லி ஆம்பியர் சொச்சம். கேத்தோடு தானே அடக்கிக்கொள்ளும் வகை ஆம்புகளும் உண்டு, அவற்றில் திருக ஒன்றுமில்லை.

ஆனால் தம்பிமாரே, இந்த அளவை நீங்கள் எடுக்கவேண்டாம். கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கினபிறகும் கண்டென்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவன், "கரண்ட் இல்லையே அண்ணே" என்று ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே கைவிடப் போனான். அவன் கையைத் தட்டிவிட்ட அடி இன்னும் அவனுக்கு ஞாபகம் இருக்கும். வால்வு மாற்றுவது உங்கள் வேலை. அடிப்பலகைக்குள்ளே இருப்பது தெரிந்த மெக்கானிக் வேலை.

ஸ்பீக்கர் ஒயர் மாட்டாமல் சுவிட்சைப் போடவே கூடாது, அதுவும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கொல்லும். ஜெனரேட்டரில் ஓட்டும்போது முதலில் மீட்டர் வைத்து வோல்ட்டேஜ் பாருங்கள்.

எங்கள் ஆம்பின் பின்பக்கம் இப்போது ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருக்கிறது. வால்வு மாற்றின தேதியும் ஃப்யூஸ் அளவும் அதில் இருக்கின்றன. பக்கத்தில் அதே அளவு ஃப்யூஸ் மூன்று, டேப் போட்டு.